இடது கை

பிள்ளை பெற்றவள் காதில் பஞ்சு வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். பச்சை உடம்பு, காதில் காற்றுப் புகுந்தால் பின்னால் தலைவலி, இரைச்சல் என்று வந்து நிற்கும் என்பாள். பாளையங்கோட்டை வீட்டில் முதல் பத்து நாளும் இரண்டு காதிலும் பஞ்சோடுதான் கிடந்தேன். பதினோராம் நாள் இரவு இரண்டரை மணி. பால் குடித்த மகள் தோளில் சாய்ந்திருக்கிறாள், ஏப்பம் வரவில்லை. வலது காதுப் பஞ்சை எடுத்துவிட்டு இயர்ஃபோனைச் செருகினேன். அம்மா விழித்துக்கொண்டாள்.

"என்னட்டி அது காதுல?"

"பாட்டும்மா. சின்னச் சத்தந்தான்."

எழுந்து வந்து குனிந்து பார்த்தாள். "காத்து உள்ள போவாதுல்லா?"

"போகாது. ரப்பர் வச்சிருக்கு. அடைச்சிரும்."

"அப்பம் சரி" என்று போய்ப் படுத்துக்கொண்டாள்.

அந்த அனுமதிக்குப் பிறகு ஐந்து மாதம் நான் கேட்டவற்றைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். அதற்கு, முன்பு எப்படிக் கேட்டேன் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மேற்கத்திய இசைக்கு எனக்கு வாசல் திறந்தது அப்பா வாங்கிவந்த ஒரு கேசட். இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்?', 1986-ல் வந்தது. பாக்கைத் தன் வீட்டில் சந்தித்ததாக அதில் ஒரு பகுதிக்கு அவர் தலைப்பு வைத்திருந்தார். யார் இந்த பாக் என்று அப்பாவிடம் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. தேடத் தொடங்கியவள் நிறுத்தவே இல்லை. சென்னையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு சம்பளத்தின் முதல் செலவு ஒலித்தட்டுகளுக்குத்தான். ஸ்பென்சர் பிளாசாவிலும் நுங்கம்பாக்கம் லேண்ட்மார்க்கிலும் மேற்கத்திய செவ்வியல், ஜாஸ் அலமாரிகளுக்கு முன்னால் நின்றே பல சனிக்கிழமைகள் போயின.

ஞாயிறு மாலை கேட்பதற்கான நேரம். திரையை இழுத்துவிட்டு, போனை அணைத்துவிட்டு, இரண்டு ஸ்பீக்கர்களிலிருந்தும் சம தூரத்தில் நாற்காலியைப் போட்டு உட்காருவேன். மாலரின் மூன்றாம் சிம்பொனி ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடும். ஒருமுறைகூட நடுவில் எழுந்ததில்லை. ஜான் கோல்ட்ரேனின் 'அசென்ஷன்' பதினோரு பேர் சேர்ந்து கட்டவிழ்த்துவிடும் நாற்பது நிமிடப் புயல், அதையும் அப்படித்தான். பாதியில் நிறுத்துவது எழுதியவருக்குச் செய்யும் துரோகம் என்று உண்மையாகவே நம்பினேன். வேலை செய்துகொண்டே இசை கேட்பவர்களோடு இது பற்றி வாதாடியிருக்கிறேன். சின்னத் துண்டுகள், தாலாட்டுகள், குழந்தைகள் பெயரில் எழுதப்பட்டவை எல்லாவற்றையும் கச்சேரி முடிவில் தூவும் சர்க்கரை என்று ஒதுக்கிவைத்திருந்தேன்.

அந்த நாற்காலியை நான் இன்றும் மதிக்கிறேன். அங்கே கற்றதுதான் இங்கே கை கொடுத்தது.

பாளையங்கோட்டையில் கேட்க வாய்த்தது நான்கு நிமிடம், ஆறு நிமிடம், சில இரவுகளில் ஒன்றரை நிமிடம். ஒரு காது மகளுக்கு, ஒரு காது பாட்டுக்கு. மூச்சுச் சத்தத்தை மூடிவிடாத அளவுக்குத்தான் ஒலி. தூக்கம் கண்ணைச் சுற்றிக்கொண்டே இருக்கும். கேட்கத் தொடங்கிய முதல் வாரம் பழைய பழக்கத்தில் ஒரு மாலரைத் தொடங்கிப் பார்த்தேன். அத்தனை தாழ்ந்த ஒலியில் பாதி இசை காதுக்கு எட்டவே இல்லை. திடீரென்று பித்தளை வாத்தியங்கள் எழும்பியபோது என் உடம்பு அதிர்ந்து அவளும் அதிர்ந்தாள். நிறுத்திவிட்டேன்.

ஷோபானின் 'பெர்சூஸ்' கைக்கு வந்தது தற்செயல். 1844-ல் எழுதப்பட்ட பியானோத் தாலாட்டு, ஐந்து நிமிடத்துக்கும் குறைவு. முன்பு அதைப் பலமுறை கேட்டிருக்கிறேன், எப்போதும் வலது கையைத்தான். நான்கு அடி மெட்டு ஒன்று தொடங்கி, இழையாக, சரமாக, மழைத்தூறலாக நுணுகிக்கொண்டே போகும். பியானோக்காரர்களின் விரல் திறமையை அதில் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். அந்த இரவுகளிலோ நுணுக்கம் எதுவும் காதில் தங்கவில்லை. தங்கியது அடியில் ஓடிய ஒன்று. இடது கை ஒரே ஒரு அடியை, ஒரு கீழ்ச்சுரமும் அதற்குப் பதில்போல மேலே இரண்டு அசைவும், அடுத்த அடியிலும் அதேபோல, அதற்கடுத்ததிலும் அதேபோல, கிட்டத்தட்டக் கடைசிவரை வாசித்துக்கொண்டே இருக்கிறது.

இதை நான் கண்டுபிடித்தேன் என்று சொல்ல முடியாது. சொன்னது அம்மா. ஒரு மத்தியானம் உத்திரத்துக் கொக்கியில் கட்டிய சேலைத் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தவள், "அப்படி என்னத்ததான் கேக்க, எனக்கும் வையி பாப்போம்" என்றாள். ஒரு இயர்ஃபோனை அவள் காதில் வைத்து பெர்சூஸைப் போட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது.

"இவன் தொட்டில்ல ஆட்டுதான்."

"யாரும்மா?"

"வாசிக்கவன்தான். ஒரு கை தொட்டில ஆட்டிக்கிட்டே இருக்கு, அது மாறவே மாட்டேங்கு. இன்னொரு கை பிள்ளைக்கு வெளையாட்டுக் காட்டுது."

அம்மாவுக்கு மேற்கத்திய இசையில் பழக்கம் கிடையாது. தன் தாலாட்டு நீலாம்பரியில் அமைந்தது என்றுகூட அவளுக்குத் தெரியாது. ஆனால் நான்கு பிள்ளைகளுக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் தொட்டில் ஆட்டிய கை அது. ஷோபானின் இடது கையை அவள் கை அடையாளம் கண்டுகொண்டது. இருபது வருஷக் கேள்வியில் நான் ஒருநாளும் அந்தக் கையைக் கேட்டிருக்கவில்லை.

அதன் பிறகு என் காது கீழே இறங்கிவிட்டது. எதைப் போட்டாலும் அடியில் என்ன ஓடுகிறது என்றே தேடியது.

ஜாஸ் பியானோக் கலைஞர் பில் எவன்ஸின் 'பீஸ் பீஸ்' அப்படித்தான் திரும்பக் கிடைத்தது. 1958 டிசம்பரில் ஸ்டுடியோவில் அந்த நேரத்துக்குத் தோன்றியதை வாசித்தது, ஆறரை நிமிடத்துக்குச் சற்று மேல். இடது கையில் இரண்டே ஸ்வரக்கூட்டங்கள், மாறி மாறி. வலது கை மெதுவாக நடந்து, பிறகு மெட்டை விட்டே விலகி, விடியலில் பறவைகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் கூவுவதுபோல ஆகிவிடும். இடது கை அதைத் தடுப்பதில்லை, கூடப் போவதுமில்லை, அங்கேயே இருக்கிறது. அடுத்த ஆண்டு மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ'வில் வரும் 'ஃபிளமெங்கோ ஸ்கெட்சஸ்' இதே அசைவோடுதான் தொடங்கும். அங்கேயும் பியானோ எவன்ஸ்தான். மகள் மூன்று மணிக்கு விழித்து அழாமல் உத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த இரவுகளில் இந்த இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டேன்.

வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு ஆறேழு மாதத்திலேயே காது கேட்கத் தொடங்கிவிடும். சதையும் நீரும் மேல்ஸ்தாயியை மங்கவைத்துவிடுவதால் கீழ்ஸ்தாயிதான் உள்ளே தெளிவாக எட்டும். அப்படியானால் அவள் பிறப்பதற்கு முன்பே இடது கையின் பக்கம் இருந்தவள். நான்தான் பிந்தி வந்து சேர்ந்தேன்.

இந்தச் சமயத்தில் உறவினர் ஒருவர் குழந்தைகளுக்கான மொட்சார்ட் தொகுப்பு ஒன்றை அன்போடு அனுப்பினார். பிள்ளை அறிவாளியாக வருவாளாம். அவர் மனசை நான் குறை சொல்லவில்லை, ஆனால் அந்த நம்பிக்கையோடு எனக்குச் சண்டை உண்டு. 1993-ல் 'நேச்சர்' இதழில் வந்த ஒரு சிறு ஆய்வில் பங்கேற்ற 36 பேரும் கல்லூரி மாணவர்கள். மொட்சார்ட்டின் இரட்டைப் பியானோ சொனாட்டாவைப் பத்து நிமிடம் கேட்ட பிறகு, வடிவங்களை மனத்தில் மடித்துப் பார்க்கும் வகைச் சோதனையில் சற்றுக் கூடுதலாக மதிப்பெண் பெற்றார்கள். கால் மணி நேரத்துக்குள் அந்த விளைவும் போய்விட்டது. அதில் கைக்குழந்தை ஒன்றுகூடக் கிடையாது. அங்கிருந்து 1998-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் செவ்வியல் இசைத்தட்டு கொடுக்க 1,05,000 டாலர் கேட்கும்வரை கதை வளர்ந்தது. ஒரு மனிதன் எழுதிவைத்த இத்தனை அழகை டானிக் மாதிரி ஸ்பூனில் ஊற்றிக் கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் இசை கேட்டது அவள் மூளைக்காக அல்ல. அந்த இரவுகளில் எனக்கு அது வேண்டியிருந்தது.

பரிசாக வந்த இன்னொன்று, சாவி கொடுத்தால் சுழலும் தொங்கு பொம்மை. அதிலிருந்து பிராம்ஸின் தாலாட்டு தகர ஓசையில் வரும். உலகத்தில் பாதிப் பொம்மைகளில் அந்த மெட்டுத்தான், அதனாலேயே அதை நான் இசையாக மதித்ததில்லை. ஒரு நாள், இதை உண்மையில் ஒரு பாடகி பாடி எப்போது கேட்டோம் என்று யோசித்து, தேடிக் கேட்டேன். 1868-ல் பெர்த்தா ஃபாபர் என்ற பெண்ணுக்கு இரண்டாவது மகன் பிறந்ததற்காக பிராம்ஸ் எழுதியது. இளவயதில் ஹாம்பர்க்கில் அவர் நடத்திய பெண்கள் பாடகர் குழுவில் இருந்தவள் அவள். அப்போது அவருக்கு அவள் பாடிக்காட்டிய ஒரு வியன்னாப் பாட்டின் மெட்டை இந்தத் தாலாட்டின் பியானோப் பகுதிக்குள் மறைத்து வைத்தார். அவள் பிள்ளையைத் தூங்க வைத்துக்கொண்டிருக்கும்போதே வேறொருவர் அவளுக்கு ஒரு காதல் பாட்டுப் பாடிக்கொண்டிருப்பார் என்ற பொருளில் அவளுடைய கணவருக்கு எழுதவும் செய்தார்.

அன்றைக்கு அந்தப் பாட்டைக் கேட்டு அழுதேன். பிள்ளை பிறந்த வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் பிள்ளையைத்தான் பார்ப்பார்கள், அது இயல்புதான். குரல் பிள்ளைக்கு, அடியில் ஓடும் பியானோ தாய்க்கு என்று ஒரு மனிதர் பிரித்து எழுதியிருக்கிறார். தகரப் பொம்மையில் அந்தப் பியானோப் பகுதி இல்லவே இல்லை.

பாக்கின் 'கோல்ட்பர்க் வேரியேஷன்ஸ்' பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதைச் சொல்லத் தொடங்கினால் முடியாது. 1741-ல் அச்சானது. தூக்கம் வராத ஒரு பிரபுவுக்காக எழுதியது என்று 1802-ல் வந்த வாழ்க்கை வரலாறு சொல்கிறது. முதல் பதிப்பில் அந்தப் பிரபுவுக்குச் சமர்ப்பணம் இல்லை, வாசித்ததாகச் சொல்லப்படும் கோல்ட்பர்க்குக்கு அப்போது பதினான்கு வயதுதான் என்பதால் ஆய்வாளர்கள் நம்புவதில்லை. நானும் நம்பியதில்லை. ஆனால் தூக்கமில்லாத வீட்டில் அது என்ன செய்யும் என்று இப்போது தெரியும். முப்பது மாறுதல்களும் தொடக்க மெட்டின் மேல் கட்டப்பட்டவை அல்ல, அதன் அடியில் நடக்கும் கீழ்ஸ்வர வரிசையின் மேல் கட்டப்பட்டவை. மேலே என்ன நடந்தாலும் தரை அதேதான். எங்கே விட்டுப் போனாலும் திரும்பி வந்து நிற்க இடம் இருக்கிறது. பியானோக் கலைஞர் கிளென் கூல்டு இதை இருபத்திரண்டு வயதில், 1955-ல், ஒருமுறையும், நாற்பத்தெட்டு வயதில், 1981-ல், இன்னொரு முறையும் பதிவு செய்தார். அந்த வேகத்துக்காகவும் துணிச்சலுக்காகவும் நான் 1955-ஐத்தான் கொண்டாடிவந்தேன். தொடக்க மெட்டை அதில் இரண்டு நிமிடத்துக்குள் முடித்துவிடுவார். 1981-ல் மூன்று நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறார். அவர் வாசிக்கும்போது முனகுவது இரண்டிலும் கேட்கும். முன்பு அது எனக்கு இடையூறாக இருந்தது. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அதே மாதிரி முனகுகிற எனக்கு இப்போது அந்தக் குரல் இல்லாமல் கேட்கத் தோன்றுவதில்லை. 1981 பதிவைத்தான் கேட்கிறேன்.

ஜாஸ் பியானோக் கலைஞர் கீத் ஜேரட் 'தி மெலடி அட் நைட், வித் யூ' தட்டை 1998-ல் தன் வீட்டிலேயே பதிவு செய்தார், மனைவிக்காக. நாள்பட்ட களைப்பு நோயில் விழுந்து, ஒரே மூச்சில் அதிக நேரம் வாசிக்க முடியாமல் இருந்த காலம். மேடையில் மணிக்கணக்காகக் கற்பனையைக் கொட்டியவர் இதில் பழைய பாட்டுகளை அப்படியே, சாந்தமாக, கூடுதலாக ஒரு ஸ்வரம்கூடச் சேர்க்காதவர்போல வாசிக்கிறார். உடம்பில் ஒன்றும் மிச்சமில்லாத இரவுகளுக்கு இதைவிட நல்ல துணை எனக்குக் கிடைக்கவில்லை.

என்னை அதிகமாக அசைத்தது கோல்ட்ரேன் வீடு. 'எ லவ் சுப்ரீம்' என் வாழ்க்கையின் பெரிய இசைத்தட்டுகளில் ஒன்று, அதில் மாற்றமில்லை. ஜிம்மி கேரிசன் டபுள் பேஸில் எழுப்பும் நான்கு ஸ்வரங்கள்தான் அதன் அடித்தளம் என்பது பழைய நாற்காலியிலேயே எனக்குத் தெரிந்திருந்தது. 1964 டிசம்பர் 9 அன்று பதிவானது. அதற்குச் சில மாதம் முன்பு, நியூயார்க் அருகே லாங் ஐலண்டின் டிக்ஸ் ஹில்ஸில் இருந்த புது வீட்டில், கோல்ட்ரேன் சில நாள்கள் மாடியில் தனியே இருந்துவிட்டு, மலையிலிருந்து இறங்கிவந்த மோசஸைப்போல முகத்தில் அமைதியோடு இறங்கிவந்தார் என்று மனைவி ஆலிஸ் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். அந்தப் படைப்பு முழுதாக அவருக்குக் கிடைத்திருந்தது. இந்தக் கதையை நண்பர்களிடம் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்! தனிமை, தவம், படைப்பு.

ஒரு நள்ளிரவில், மகளைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த நான்கு ஸ்வரங்களைக் கேட்டுக்கொண்டிருந்தபோது தேதிகள் ஒன்றோடொன்று சேர்ந்தன. அவர்களுடைய மகன் ஜான் பிறந்தது 1964 ஆகஸ்டில். அவர் மாடியில் இருந்த நாள்களில் கீழே ஒரு பச்சைக் குழந்தை இருந்தது. ஆலிஸுக்கு முதல் மணத்தில் பிறந்த நான்கு வயதுப் பெண்ணும் இருந்தாள். ஆலிஸுக்கு அப்போது வயது இருபத்தேழு. அவரும் பியானோ கலைஞர். மாடியின் அமைதியைக் கீழே இருந்து தாங்கியவர் அவர். இத்தனை வருஷமாக அந்தக் கதையில் நான் மாடியில் மட்டுமே நின்றிருக்கிறேன்.

அன்றைக்கே ஆலிஸைத் தேடிப் போனேன். அவருடைய தட்டு ஒன்று என்னிடம் முன்பே இருந்தது, கணவரின் நிழல் என்று எண்ணிக் கவனமாகக் கேட்காமல் வைத்திருந்தேன். 'ஜர்னி இன் சச்சிதானந்தா', 1971-ல் வந்தது. தலைப்பில் உள்ள சுவாமி சச்சிதானந்தர் கோவைக்கு அருகே செட்டிபாளையத்தில் பிறந்த தமிழர். 1969 வுட்ஸ்டாக் இசைவிழாவில் தொடக்க உரை ஆற்றியவர். கோல்ட்ரேன் 1967 ஜூலையில் நாற்பது வயதில் இறந்துபோக, நான்கு பிள்ளைகளோடு தனியே நின்ற ஆலிஸுக்கு அந்தச் சுவாமி துணையாக இருந்தார். தட்டின் பெரும்பகுதி 1970 நவம்பரில் அதே டிக்ஸ் ஹில்ஸ் வீட்டில் அமைத்த ஒலிப்பதிவுக்கூடத்தில் பதிவானது. மூத்தவளுக்குப் பத்து வயது, கடைக்குட்டிக்கு மூன்று. நடுவில் இருந்த ரவிக்கு ஐந்து. ரவிசங்கரின் பெயரை வைத்த அந்தப் பிள்ளை இன்று சாக்ஸஃபோன் கலைஞர்.

தலைப்புப் பாட்டு ஆறரை நிமிடம். முதலில் தம்பூரா. அதன் மேல் செசில் மெக்பீயின் டபுள் பேஸ் ஒரு சிறு நடையைத் தொடங்குகிறது, திரும்பத் திரும்ப, கடைசிவரை. அதன் பிறகுதான் ஆலிஸின் ஹார்ப் அலையாக விரிகிறது, ஃபாரோ சாண்டர்ஸின் சாக்ஸஃபோன் நுழைகிறது. மலையிலிருந்து இறங்கிவருகிற இசை இல்லை இது. தரைத்தளத்தில், பிள்ளைகள் தூங்கும் வீட்டில், தானே தாங்கி நின்று செய்தது. தம்பூராவின் மேல் அந்த பேஸ் வந்து உட்காரும் இடத்தில் மகளின் உடம்பு என் மேல் தளர்வதை ஒவ்வொரு முறையும் உணர்ந்திருக்கிறேன். எனக்கு இப்போது உலகத்திலேயே மிகப் பிடித்த ஆறரை நிமிடம் அதுதான். 'எ லவ் சுப்ரீம்' அதற்கு அடுத்துத்தான்.

ஐந்தாம் மாதம் சென்னை திரும்பினோம். நாற்காலி அங்கேயே இருந்தது, அதன் மேல் இப்போது துவைத்த துணி. ஸ்பீக்கரில் முதலில் போட்டது பில் எவன்ஸின் 'வால்ட்ஸ் ஃபார் டெபி', தன் அண்ணன் மகளுக்காக அவர் எழுதியது. 1961 ஜூன் 25 அன்று நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்டில் நேரடியாகப் பதிவானது. பேஸ் வாசித்த இருபத்தைந்து வயது ஸ்காட் லஃபாரோ பதினோரு நாள் கழித்துச் சாலை விபத்தில் இறந்துபோனார். அந்தப் பதிவில் கண்ணாடிக் கோப்பைகள் மோதும் சத்தமும் பேச்சுக் குரலும் இருக்கும். இப்படி ஒரு இசைக்கு நடுவே பேசுகிறார்களே என்று அந்த மேசைக்காரர்கள்மேல் எனக்குப் பல வருஷக் கோபம். அன்று சமையலறையில் குக்கர் விசிலடித்தது, கணவர் பால் பாட்டிலைக் கழுவிக்கொண்டிருந்தார், மகள் கிலுகிலுப்பையைத் தரையில் தட்டினாள். லஃபாரோவின் பேஸ் எல்லாவற்றுக்கும் அடியில் தெளிவாகப் போய்க்கொண்டிருந்தது. எது வேன்கார்டின் கோப்பை, எது எங்கள் வீட்டுப் பாட்டில் என்று பிரித்தறிய முடியவில்லை.

போன வாரம் அம்மா கூப்பிட்டாள்.

"வீடு வெறிச்சுன்னு கெடக்குட்டி. அந்தத் தொட்டில் பாட்ட எனக்கு அனுப்பு."

செல்போனுக்கு அனுப்பினேன். மறுநாள் சாயங்காலம் வீட்டு லேண்ட்லைனிலிருந்து மறுபடி கூப்பிட்டாள்.

"போட்டுக் கேட்டேன். மேல கிணுகிணுன்னு என்னமோ கேக்கு. தொட்டில ஆட்டுத கையக் காணமே."

"போன்ல கீழ்ச்சத்தம் வராதும்மா. இயர்ஃபோன் மாட்டிக்கோ."

"அதெல்லாம் எனக்கு மாட்டத் தெரியாது."

"சரி, இப்பப் போடு. ரிசீவரக் காதுலயே வச்சுக்கோ."

செல்போனைப் பக்கத்தில் வைத்துப் போட்டாள். அறுநூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் ஷோபானின் வலது கை, ஈர்க்குச்சி போல மெலிந்து, கம்பி வழியாக வந்தது. மகள் மடியில் இருந்தாள். நான் இடது கையை முனகினேன். ஒரு கீழ்ச்சுரம், மேலே இரண்டு அசைவு. திரும்ப அதே. திரும்ப அதே.

"ம்," என்றாள் அம்மா. "இப்பம் ஆடுது."